ஒரு லிட்டர் தண்ணி, கால் ஸ்பூன் உப்பு

ஆடிட், பையனுக்குப் பரீட்சை, மாமியார் வருகைன்னு (வரிசை முக்கியமில்லை, ஹிஹி) இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. இன்னிக்கு எழுத வெச்சது ஷார்ஜாவில் இருக்கிற சித்தப்பா பையன். போன வாரம் போன் பண்ணினான்.

"அண்ணே, ஒரு வழியா நானும் கியர் சைக்கிள் வாங்கிட்டேன். லீவு நாள்ல விடியக்காலைல 80 கிலோமீட்டர் போறோம். கூட வர்றவங்க எல்லாம் ஏதோ பவுடர் கலக்கிக் குடிக்கிறாங்க. டப்பா விலையைக் கேட்டா தலை சுத்துது. நீ என்ன குடிக்கிறே?"

"சர்க்கரை, உப்பு, எலுமிச்சம்பழம்."

"அவ்வளவுதானா?"

குரல்ல ஏமாற்றம். அவ்வளவுதான் தம்பி. ஆனா இந்த அவ்வளவுதானுக்கு வந்து சேர எனக்கு ஆன செலவு ஒரு டப்பா பவுடர், ரெண்டு நாள் ஆஸ்பத்திரி, தங்கமணி ஒரு மாசம் என்கிட்ட சரியாப் பேசாதது. போன்ல சொன்னா நீளும், அதான் எழுதிடறேன். வெளியூர்ல இருந்துக்கிட்டு நாற்பது வயசுக்கு மேல ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் கிளம்பின மத்த அண்ணன் தம்பிகளுக்கும் உதவும்.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். படிச்சது பி.காம். வேலை பாங்கில். 2019-ல் மாற்றலாகி திருவனந்தபுரம் வந்தேன். 2020 ஊரடங்கில், எல்லாரும் வீட்டுக்குள்ள ரொட்டி சுட்டுக்கிட்டிருந்தப்போ, நான் ஒரு சைக்கிள் வாங்கினேன். சங்குமுகம், கோவளம், வர்க்கலைன்னு தூரம் கூடிக்கிட்டே போச்சு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா பனியன்ல வெள்ளை வெள்ளையா உப்புக் கோடு. அப்போ அது ஒரு பெருமையாத்தான் தெரிஞ்சது.

2022-ல் பாங்கில் நடந்த மருத்துவ முகாமில் ரத்த அழுத்தம் பார்த்தாங்க. 160/100. திரும்பவும் பார்த்தாங்க, அதேதான். மாத்திரை ஆரம்பிச்சாச்சு. அன்னிக்கு ராத்திரியே வீட்டில் உப்பு ஜாடி மேல் அலமாரிக்குப் போயிடுச்சு. ஊறுகாய் கட். அப்பளம் கட். ஊர்ல இருந்து அம்மா கொடுத்தனுப்பின மோர்மிளகாய் பக்கத்து வீட்டுச் சேச்சிக்குப் போச்சு. தங்கமணியைக் குறை சொல்ல முடியாது. அவங்க பயத்துக்கு ஒரு காரணம் இருக்கு. அதுக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

எங்க அப்பா தீப்பெட்டிக் கம்பெனிச் சரக்கை சைக்கிளில் கட்டி கிராமம் கிராமமாக் கடைகளுக்குப் போட்டவர். கரிசக்காட்டு வெயில் எப்படின்னு எங்க பக்கத்துக்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் மிதிப்பார். ஹேண்டில்பாரில் ஒரு தூக்குவாளி தொங்கும். உள்ளே முதல்நாள் சோத்து நீராகாரம், கல் உப்பு, சின்ன வெங்காயம் நாலு. மத்தியானம் ஏதாவது வேப்பமரத்தடியில் அதுதான் சாப்பாடு, அதுதான் தண்ணி. மயங்கி விழுந்தார்னு ஒரு நாள் கேட்டதில்லை.

அதே அப்பாவுக்கு 2009-ல் பக்கவாதம் வந்தது. அழுத்தம் ரொம்ப நாளா கூடித்தான் இருந்திருக்கு, யாரும் பார்க்கலை. அதுக்கப்புறம் மூணு வருஷம் உப்பில்லாத சாப்பாடு. ஒரு கை வராது. இன்னொரு கையால தட்டைத் தள்ளிட்டு அம்மாவைப் பார்ப்பார். 2012-ல் போய்ச் சேர்ந்தார். அந்த மூணு வருஷத்தையும் தங்கமணி கூடவே இருந்து பார்த்தவங்க. என் அழுத்தம் 160-ன்னு கேட்டதும் அவங்க ஏன் ஜாடியை மேல ஏத்தினாங்கன்னு இப்போ புரியும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 2024 மார்ச். நாங்க ஆறு பேர் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பறதுன்னு முடிவு. ஒரு வழி சுமார் 90 கிலோமீட்டர். அதுவரைக்கும் நான் போனதிலேயே பெரிய தூரம் 100. இதுக்காகவே ஒரு வெளிநாட்டு பவுடர் டப்பா 1,900 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து டப்பாவைத் திருப்பிப் பார்த்தா பின்னாடி கொட்டை எழுத்தில் 'சோடியம்'. ஐயோ உப்பாச்சேன்னு பயந்து தங்கமணி கண்ணில் படறதுக்குள்ள பரண்ல போட்டுட்டேன். வெறும் தண்ணி போதும், இயற்கையானது, இலவசம். இப்படித்தான் நான் நினைச்சேன்.

விடியக்காலை 4 மணிக்குக் கிழக்கேகோட்டையில் கிளம்பினோம். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை. களியக்காவிளை தாண்டினதும் பஸ் போர்டெல்லாம் தமிழ். 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்தப் பக்கமும் திருவிதாங்கூர்-கொச்சிதான். இன்னிக்கும் இட்லிக் கடையில் பாதிப் பேச்சு மலையாளம். ஆனாலும் எழுத்தைப் பார்த்ததும் ஒரு தெம்பு வரத்தான் செய்யுது. குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில்னு ஒன்பதரைக்கெல்லாம் கடலைப் பார்த்தாச்சு.

வழி நெடுக கூட வந்த தம்பிகள் சொன்னது ஒண்ணுதான்: "வெள்ளம் குடிக்கு சேட்டா!" (நமக்கு வெள்ளம்னா ஊரே முழுகற சமாச்சாரம், இங்கே அது குடிக்கிற தண்ணி. வந்த புதுசுல ஓட்டல்காரர் "வெள்ளம் வேணோ?"ன்னு கேட்டப்போ நான் ஜன்னலைப் பார்த்திருக்கேன்.) நானும் நல்ல பிள்ளையா ஒவ்வொரு டீக்கடையிலும் ரெண்டு பாட்டிலையும் நிரப்பினேன். மத்தியானத்துக்குள்ள ஏழு லிட்டர் உள்ளே போயிருக்கும். உப்புன்னு பார்த்தா காலையில் சாப்பிட்ட இட்லி, அதுவும் சட்னியை ஒதுக்கி வெச்சுட்டு.

திரும்பும்போது நாகர்கோவிலில் தலைவலி ஆரம்பிச்சது. தக்கலை வரும்போது குமட்டல். கை விரல் வீங்கி மோதிரம் இறுக்குது. வயிறு குடம் மாதிரி குலுங்குது. வெயில்னு நினைச்சு இன்னும் தண்ணி குடிச்சேன். பாறசாலையில் ஒரு டீக்கடையில் எல்லாருக்கும் நான் காசு கொடுக்கப் போனேன். 85 ரூபாய் ஆச்சு. ஐந்நூறு ரூபாய்த் தாள் நீட்டினேன். கடைக்காரர் மீதியைக் கொடுத்தார். கையில் இருக்கிறது சரியான்னு எனக்குக் கணக்குப் போடத் தெரியலை. இருபது வருஷமா பணம் எண்ணிப் பிழைக்கிறவன் நான். நோட்டைப் பார்க்கிறேன், எண் தெரியுது, ஐந்நூறில் எண்பத்தஞ்சு போனா எவ்வளவுன்னு வரலை. கூட வந்த தம்பி தோளைப் பிடிச்சு "எந்து பற்றி சாரே?"ன்னு கேட்டது ஞாபகம் இருக்கு. அப்புறம் நடந்ததெல்லாம் துண்டு துண்டாத்தான் ஞாபகம்.

ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை. சோடியம் 126. இருக்க வேண்டியது 135-லிருந்து 145. தண்ணி குறைஞ்சு போச்சுன்னு நாங்க எல்லாரும் நினைச்சதுக்கு நேர் எதிர். தண்ணி கூடிப் போச்சு, உப்பு கரைஞ்சு போச்சு. நல்லவேளை, டீக்கடையில் தம்பிகள் இன்னும் ரெண்டு பாட்டில் தண்ணியை என் வாயில் ஊத்தலை. சோடியத்தை ஒரேயடியா ஏத்தினாலும் மூளைக்கு ஆபத்தாம், கொஞ்சம் கொஞ்சமாத்தான் சரி பண்ணினாங்க. ரெண்டு நாள் ஆச்சு.

அங்கே இருந்த டாக்டர் பொறுமையா ஒவ்வொண்ணா கேட்டார். என்ன மாத்திரை? பேரைச் சொன்னேன். மாத்திரைப் பேருக்குப் பின்னாடி ஒரு 'ஹெச்' ஒட்டிக்கிட்டு இருந்தது. அந்த 'ஹெச்' ஹைட்ரோகுளோரோதயசைடு. சிறுநீர் வழியா உப்பை வெளியே தள்ளித்தான் அது அழுத்தத்தைக் குறைக்கும். வீட்டில் சமையல்? உப்பு பாதிக்கும் கீழே. வெயிலில் எத்தனை மணி நேரம்? பத்து. குடிச்சது? வெறும் தண்ணி.

"சார் பாங்க்காரர்தானே? ஒரு அக்கவுண்டில் மூணு பக்கமா பணம் எடுத்துக்கிட்டே இருந்து, ஒரு பைசா போடாம இருந்தா என்ன ஆகும்?" என்றார்.

நாங்க அக்கவுண்டை ஃப்ரீஸ் பண்ணுவோம்னு சொல்ல வாய் வந்தது. தங்கமணி பக்கத்தில் நின்னாங்க. வாயை மூடிக்கிட்டேன்.

இது எனக்கு மட்டும் வந்த அதிசய வியாதி இல்லைன்னு அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடிச்ச 488 பேரின் ரத்தத்தைப் பார்த்திருக்காங்க. 13 சதவீதம் பேருக்கு சோடியம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே. பொதுவா அவங்க ஓட்டத்தின்போது எடை குறையாம எடை கூடினவங்க, அதாவது வியர்த்ததை விட அதிகமாக் குடிச்சவங்க. 2005-ல் இந்த ஆய்வு வெளிவந்தது. 'தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே குடி, முடிஞ்ச மட்டும் குடி'ன்னு நம்ம காதில் ஓதின பழைய உபதேசம் அதோட ஆட்டம் கண்டது.

அப்போ என்னதான் குடிக்கறது? இங்கேதான் ரெண்டு கதை சொல்லணும்.

முதல் கதை அமெரிக்கா. 1965-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகக் கால்பந்து அணிப் பையன்கள் வெயிலில் துவண்டு விழறாங்கன்னு பயிற்சியாளர் ஒருத்தர் ராபர்ட் கேட்ங்கிற டாக்டர்கிட்ட வந்தார். டாக்டர் தண்ணியில் உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்தார். வாயில் வைக்க முடியலை. அவர் வீட்டுத் தங்கமணி 'எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பாருங்க'ன்னு யோசனை சொன்னாங்களாம். அதுதான் கேட்டரேட். இன்னிக்குக் கடையில் கலர் கலரா நிக்கிற அத்தனை பாட்டிலுக்கும் தாத்தா. அடிப்படையில் நம்ம ஊர் உப்பு-சர்க்கரை எலுமிச்சை ஜூஸ்!

ரெண்டாவது கதை நம்ம நாடு. 1971 வங்கதேசப் போர். எல்லையில் பன்கான் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏத்தற சலைன் தீர்ந்து போச்சு. திலீப் மகாலனாபிஸ்ங்கிற டாக்டர் துணிஞ்சு உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூணையும் தண்ணியில் கலந்து டிரம்மில் வெச்சு, உறவுக்காரங்களை விட்டே டம்ளரில் கொடுக்கச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்குக் கீழே வந்தது. அந்தக் கரைசல்தான் நம்ம ஓ.ஆர்.எஸ். அவர் 2022-ல் காலமானார், மறு வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தாங்க. உயிரோட இருக்கும்போதே கொடுத்திருக்கலாம். என்ன சொல்ல.

ரெண்டுக்கும் பின்னாடி இருக்கிற சூட்சுமம் ஒண்ணுதான். குடலின் சுவரில் ஒரு கதவு. சோடியமும் குளுக்கோஸும் ஜோடியா வந்தால் அந்தக் கதவு திறக்கும். உள்ளே போகும்போது ரெண்டும் தண்ணியையும் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகும். அதனால்தான் வெறும் உப்புத் தண்ணியோ வெறும் சர்க்கரைத் தண்ணியோ அந்த வேலையைச் செய்யாது.

ஆனா ஓ.ஆர்.எஸ்.ஸும் சைக்கிள் பாட்டிலும் ஒண்ணு இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2002 கணக்குப்படி ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம், சாப்பாட்டு உப்பு 2.6 கிராம், அதோட பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். உப்பு தூக்கல், சர்க்கரை கம்மி, வயித்துப்போக்குக்காகவே செஞ்சது. மூணு மணி நேரம் மிதிக்கிறவனுக்கு அதில் இருக்கிற சர்க்கரை பத்தாது. கடையில் விற்கிற ஸ்போர்ட்ஸ் பானத்தில் தலைகீழ். லிட்டருக்கு 60 கிராம் பக்கம் சர்க்கரை, உப்பு குறைச்சல். சர்க்கரை லிட்டருக்கு 80 கிராமைத் தாண்டினா வயித்திலேயே தங்கிக் குமட்டும். கோலா வகையறாவில் 100 கிராமுக்கும் மேல, அதனால் வழியில் கோலா குடிச்சு ஓட்டறது எனக்குச் சரிப்படலை.

இன்னொண்ணு. பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. ஓ.ஆர்.எஸ்.னு பேர் போட்ட இனிப்பு ஜூஸ் டப்பாக்கள் வருஷக்கணக்கா மருந்துக் கடைகளில் வித்துது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு வருஷம் போல போராடினாங்க. 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 'சரியான ஓ.ஆர்.எஸ். அளவு இல்லாத பானத்துக்கு அந்தப் பேர் கூடாது'ன்னு உத்தரவு போட்டது. குழந்தைக்கு வயித்துப்போக்குன்னா மருந்துக் கடையில் லிட்டருக்குக் கரைக்கிற பொடிப் பாக்கெட்டை வாங்குங்க. கீழே நான் சொல்லப் போற சைக்கிள் தண்ணி அதுக்கு இல்லை.

இப்போ நம்ம தொழில். வீட்டுக்கு வந்ததும் நான் செஞ்ச முதல் வேலை ஒரு எடை மெஷின் வாங்கினது. ரெண்டு மணி நேரம் ஓட்டறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை பார்த்தேன். பி.காம். முதல் வருஷக் கணக்குதான். ஓப்பனிங் ஸ்டாக் 78.4 கிலோ. கொள்முதல் (குடிச்ச தண்ணி) 0.75. குளோசிங் ஸ்டாக் 77.2. ஆக வியர்வைச் செலவு 1.95, மணிக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. (நடுவில் ஒண்ணுக்குப் போனா அதையும் கழிக்கணும், ஆடிட்டர் கேட்பார்.) திருவனந்தபுரத்தில் காத்திலேயே ஈரம் இருக்கு, வியர்வை காயாமல் சொட்டிக்கிட்டே இருக்கும். ஒரு லிட்டர் வியர்வையில் சுமாரா ஒரு கிராம் சோடியம் போகுது, ஆளுக்கு ஆள் இது ரொம்ப மாறும். பனியன்ல கோடு போடறவங்களுக்கு அதிகம்.

டாக்டர்கிட்ட இந்தக் கணக்கைக் காட்டினேன். சிரிச்சார், ஆனா முழுசாப் பார்த்தார். 'ஹெச்' மாத்திரையை மாத்தினார். விதியும் ஒண்ணு போட்டுக் கொடுத்தார். அன்றாடச் சாப்பாட்டில் உப்புக் கட்டுப்பாடு அப்படியே தொடரணும். ஒரு மணி நேரம் வரைக்குமான சவாரிக்கு வெறும் தண்ணி. ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினா மட்டும் பாட்டிலில் உப்பும் சர்க்கரையும். தாகத்துக்குக் குடி, கடமைக்குக் குடிக்காதே. திரும்பி வரும்போது எடை கொஞ்சம் குறைஞ்சிருக்கலாம், கூடியிருக்கவே கூடாது.

அதை வெச்சு எங்க வீட்டில் நிலைச்ச அளவு இது, ஒரு லிட்டருக்கு:

சர்க்கரை – 50 கிராம், தலை தட்டி நாலு டேபிள்ஸ்பூன். 2 ரூபாய் 25 காசு.
உப்பு – தலை தட்டி கால் டீஸ்பூன், சுமார் ஒன்றரை கிராம். அஞ்சு காசு.
எலுமிச்சம்பழம் – ஒண்ணு. 5 ரூபாய் (கோடையில் கடைக்காரர் இஷ்டம்).
ஆக மொத்தம் 7 ரூபாய் 30 காசு.

பரண்ல கிடந்த டப்பாவில் 40 அளவு, அளவுக்கு அரை லிட்டர். லிட்டருக்கு 95 ரூபாய் ஆகுது. நூறு கிலோமீட்டருக்கு நாலு லிட்டர் குடிச்சா 380 ரூபாய்க்கும் 30 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம். மாசம் நாலு தடவை போனா 1,400. இதை ஆர்.டி.யில் போட்டா... சரி சரி, ஆபீஸ் வேண்டாம். கடைப் பவுடரும் மோசமில்லை. தூக்கிட்டுப் போகச் சுலபம், வழியில் கலக்கலாம். ஆனா அதில் இருக்கிறதும் முக்காலே மூணுவீசம் சர்க்கரையும் உப்பும்தான்.

பாட்டிலைத் தினமும் பிரஷ் போட்டுக் கழுவணும். கரைச்சதை அன்னிக்கே தீர்க்கணும், மிச்சத்தைக் கொட்டிடணும். சர்க்கரைத் தண்ணி இந்த ஊர் வெக்கையில் சீக்கிரம் புளிச்சிடும். பசிக்கு எங்க ஊர் கடலைமிட்டாய் (2020-ல் புவிசார் குறியீடு வாங்கினது, ஊர்ப் பெருமையை விட முடியுமா) மணிக்கு ஒண்ணு.

கேரளத்தில் வழியிலேயே நல்ல சரக்கெல்லாம் கிடைக்குது. கரிக்கு, அதாவது இளநீர், அருமை. ஆனா அதில் பொட்டாசியம்தான் ஏராளம், சோடியம் கம்மி. இளநீரா குடிச்சா மட்டும் வியர்வைக் கணக்கு நேராகாது, ஒரு சிட்டிகை உப்பு போட்டுக்கறேன். தட்டுக்கடை நாரங்காவெள்ளம் (எலுமிச்சை ஜூஸ்) தான் என் வழித்துணை. உப்பு, இனிப்பு ரெண்டும் போடச் சொல்லணும். ஒரு எச்சரிக்கை: இங்கே 'சர்க்கரா'ன்னா வெல்லம், நம்ம சர்க்கரைக்குப் பேர் 'பஞ்சசார'. முதல் தடவை நான் சர்க்கரை கேட்டு, கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். செம்பருத்தி நிறத்தில் பதிமுகம் போட்ட தாகசமனி வெந்நீர் நல்லாருக்கும், ஆனா கணக்கில் அது வெறும் தண்ணிதான். இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தட்டிப் போட்ட சம்பாரம் (நம்ம நீர்மோர்) சவாரி முடிஞ்சப்புறம் குடிக்கச் சொர்க்கம். பாட்டிலில் ஊத்தி வெயிலில் கொண்டு போனா திரிஞ்சு நாறும். அனுபவம்.

அப்புறம் உப்புப் போட்ட கஞ்சிவெள்ளம். இதைக் குடிச்சப்போதான் எனக்கு அப்பாவின் தூக்குவாளி ஞாபகம் வந்தது. காலரா மருத்துவத்திலேயே குளுக்கோஸுக்குப் பதிலா அரிசிமாவில் செய்யற ஓ.ஆர்.எஸ். இருக்கு, நல்லா வேலை செய்யுது. அரிசி மாவு குடலில் குளுக்கோஸாத்தானே மாறும். அப்பா எந்த ஆராய்ச்சியும் படிக்காம சோத்துத் தண்ணி, கல் உப்பு, வெங்காயம்னு ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கிட்டுப் போனது கிட்டத்தட்ட அதுதான்.

அப்படின்னா அப்பாவுக்கு ஏன் அப்படி ஆச்சு? இந்தக் கேள்வியோட ரொம்ப நாள் கிடந்தேன். மருத்துவக் காரணம் பல இருக்கலாம், நான் டாக்டர் இல்லை. ஆனா ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. 1994-ல் அப்பா ஒரு மொபெட் வாங்கினார். அப்புறம் கொஞ்ச வருஷத்தில் அலைச்சலையே விட்டுட்டு, ஒரு கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதினார். சைக்கிள் போச்சு, வெயில் போச்சு, வியர்வை போச்சு. உப்பு மட்டும் போகலை. அதே நீராகாரம், அதே கல் உப்பு, கூட ஊறுகாய், கருவாடு. ஐம்பது கிலோமீட்டர் மிதிச்சவருக்குப் போட்ட உப்பை உட்கார்ந்து கணக்கு எழுதினவருக்கும் பதினஞ்சு வருஷம் போட்டோம்.

நான் செஞ்சது அதுக்கு நேர் எதிர். வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு வகுத்த பத்தியத்தை பத்து மணி நேரம் வெயிலில் மிதிக்கிறவனுக்கும் போட்டேன். ரெண்டு பேரும் செஞ்ச தப்பு ஒண்ணுதான். செலவைப் பார்க்காம வரவு எழுதினது.

ஊரை விட்டு வந்த நம்ம வீடுகளில் இது இன்னும் கூடுதல்னு நினைக்கிறேன். ஒவ்வொரு தடவை ஊருக்குப் போய்த் திரும்பும்போதும் நம்ம பெட்டியில் என்ன இருக்கு? மாவடு, நார்த்தங்காய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு. பாதிப் பெட்டி உப்பு. வெயிலில் உழைச்ச தாத்தா, பாட்டிக்கு அது சரி. ஏ.சி. ஆபீஸ், ஏ.சி. கார், ஏ.சி. வீடுன்னு இருக்கிற நமக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள்ளதான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, ஒரு டீஸ்பூனுக்கும் கம்மி. அம்மா கை ஊறுகாயை வேண்டாம்னு சொல்ல மனசு வராது, எனக்கும் வரலை. தொட்டுக்கறேன், பிசைஞ்சுக்கறதில்லை.

இந்த ஜனவரியில் மறுபடி கன்னியாகுமரி போனோம். தங்கமணி விடமாட்டாங்கன்னுதான் நினைச்சேன். முந்தின நாள் ராத்திரி அவங்களே மேல் அலமாரியிலிருந்து ஜாடியை இறக்கி, கால் ஸ்பூன் அளந்து, சின்னச் சின்னப் பொட்டலமா எட்டுப் பொட்டலம் சர்க்கரையோட கட்டி வெச்சிருந்தாங்க. ஒவ்வொண்ணிலும் பையன் கையெழுத்தில் 'ஒரு லிட்டர்'. பொட்டலத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வழியில் வாங்கிக்கணும், ரசீது வேண்டாம்னு உத்தரவு.

திரும்பும்போது அதே பாறசாலை டீக்கடை. எல்லாருக்கும் 70 ரூபாய் ஆச்சு. வேணும்னே ஐந்நூறு ரூபாய்த் தாள் கொடுத்தேன். கடைக்காரர் மீதியை எண்ணறதுக்குள்ள "நானூத்தி முப்பது"ன்னு சொன்னேன். அவர் "அறியாம் சாரே"ன்னார், கொஞ்சம் கடுப்பா. தம்பிகள் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. வீட்டில் எடை பார்த்தேன், 1.2 கிலோ குறைவு. தங்கமணி மெஷினைக் குனிஞ்சு பார்த்து, சரின்னு தலையாட்டிட்டு, ஜாடியை எடுத்து மறுபடி மேல் அலமாரியில் வெச்சாங்க.

ஷார்ஜாத் தம்பி, உன் வெயில் எங்க வெயிலை விடக் கொடுமை. முதலில் ஒரு எடை மெஷின் வாங்கு. பவுடர் அப்புறம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வெறும் பி.காம். ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகம், இதயம் இதில் எதுக்காவது மாத்திரை சாப்பிடறவங்க என் அளவை அப்படியே கலக்கிக் குடிக்காதீங்க. மாத்திரை அட்டையையும் எத்தனை மணி நேரம் வெயிலில் இருக்கப் போறீங்கன்னும் உங்க டாக்டர்கிட்ட காட்டிக் கேளுங்க. நான் கேட்காம விட்டது அந்த ஒரு கேள்விதான்.